கோடை விடுமுறையில் கணிதப் பயிற்சி: சந்தைக் கணக்கும் நோட்டுக் கணக்கும்

பெங்களூரு: கர்நாடகப் பள்ளிகளுக்கு 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஏப்ரல் 11 முதல் மே 28 வரை கோடை விடுமுறை அளிக்கப்பட்டது. மொத்தம் 48 நாட்கள். நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பொறுத்தவரை இந்த இடைவெளி சற்றுக் கூடுதல் கவனத்துக்கு உரியது. நீள்வகுத்தல், பின்னம், தசமம் ஆகிய மூன்றும் அறிமுகமாவதும், பலருக்குக் கணிதம் கைநழுவத் தொடங்குவதும் இந்த வகுப்புகளில்தான்.

பெங்களூருவின் சிவாஜிநகரில் இந்தக் கேள்விக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்ட ரசல் மார்க்கெட்டையும் அதனைச் சுற்றிய தெருக்களையும் நம்பி வாழும் குடும்பங்கள் இங்கு ஏராளம். வீட்டில் தமிழ் அல்லது உருது, தெருவில் கன்னடம், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள், விடுமுறை நாட்களில் குடும்பக் கடையில் உதவியாக நிற்பது வழக்கம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவுவதற்கு விலக்கு அளிக்கிறது. கடையில் நின்று சில்லறை எண்ணித் தரும் பிள்ளைக்குத் தனியாகக் கணிதப் பயிற்சி எதற்கு என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆனால் அண்மைய ஆய்வு ஒன்று இதற்கு மாறான விடையைத் தருகிறது.

கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கிடைத்த விடை

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரிடம் நடத்திய ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. ஏறத்தாழ அனைவரும், பல பொருட்களின் விலையைக் கூட்டிப் பெருக்கி மீதித் தொகையைக் கூறும் சிக்கலான கணக்குகளை வியாபாரத்தின்போது மனத்தாலேயே சரியாகச் செய்தனர். அதே அளவு கடினமான, அல்லது அதைவிட எளிய கணக்கைப் பாடப்புத்தக வடிவில் வெறும் எண்களாகத் தந்தபோது அவர்களால் செய்ய இயலவில்லை.

மறுபுறம், அருகிலுள்ள பள்ளிகளில் பயிலும், சந்தை அனுபவமற்ற 471 மாணவர்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. எளிய எழுத்துக் கணக்குகளில் அவர்கள் முன்னிலை வகித்தனர். ஆனால், சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் விடை கண்ட ஒரு வியாபாரக் கணக்குக்குப் பள்ளி மாணவர்களில் 1 சதவீதத்தினரே சரியான விடை அளித்தனர்.

இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பு அன்று. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற 5 சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 1985இல் வெளியான ஆய்வில், விற்பனையின்போது 98 சதவீத விடைகள் சரியாக இருந்தன. அதே எண்களைத் தாளில் எழுதித் தந்தபோது அது 37 சதவீதமாகச் சரிந்தது. ஒரே பிள்ளையின் தலையில் இரண்டு கணிதங்கள் ஒன்றையொன்று அறியாமல் குடியிருக்கின்றன என்பதே இவ்விரு ஆய்வுகளின் சாரம். விடுமுறைக் காலத்தில் இரண்டையும் அறிமுகம் செய்து வைக்கலாம். அதற்கு மேல் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

தாளில் எங்கே பிழை நேர்கிறது?

ரூ.137க்குப் பொருள் வாங்கியவர் ரூ.200 நீட்டினால், கடையில் பழகிய பிள்ளை கழிப்பதில்லை; மேல்நோக்கி எண்ணுகிறது. 137உடன் 3 சேர்த்தால் 140, அதனுடன் 60 சேர்த்தால் 200, ஆகவே மீதி ரூ.63. அதே பிள்ளையிடம் 200 − 137 என்று தாளில் எழுதித் தந்தால் விடை 137 என்று வருவதுண்டு. பூஜ்யத்திலிருந்து 7ஐ எடுக்க முடியாததால் 7இலிருந்து பூஜ்யத்தை எடுத்துவிடுகிறது. அடுத்த இடத்தில் 3இலிருந்து பூஜ்யம். கடைசியில் 2இலிருந்து 1. கழித்த எண்ணே விடையாகத் திரும்பி வந்து நிற்பதைக் கூட அது கவனிப்பதில்லை. ஏனெனில் தாளிலுள்ள 200 அதற்குப் பணமாகத் தெரியவில்லை. மூன்று தனித்தனி இலக்கங்களாகவே தெரிகிறது.

இத்தகைய பிழையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலும் பத்துக் கழித்தல் கணக்குகளைத் தருவதால் அதே பிழை பத்து முறை நிகழும். "இருநூறு ரூபாய் கொடுத்தால் நூற்று முப்பத்தேழு ரூபாயைத் திருப்பித் தருவாயா?" என்று ஒரு முறை கேட்பது பயன் தரும். பிறகு 200 ரூபாயை ஒரு நூறு ரூபாய்த் தாளாகவும் ஒன்பது பத்து ரூபாய்த் தாள்களாகவும் பத்து ஒரு ரூபாய் நாணயங்களாகவும் மாற்றி மேசையில் வைத்தால், 'கடன் வாங்குதல்' என்று பள்ளியில் சொல்லப்படுவது உண்மையில் சில்லறை மாற்றுவதே என்பது பிள்ளைக்குப் புலப்படும்.

வகுத்தலிலும் இதே கதைதான். 618ஐ 6ஆல் வகுத்தால் 13 என்று எழுதுவது இவ்வயதினரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. நடுவில் வரவேண்டிய பூஜ்யம் விடுபட்டுவிடுகிறது. ஆறு பேருக்கு ரூ.618ஐப் பங்கிடச் சொன்னால், ஆளுக்கு நூறு கொடுத்தபின் மீதமுள்ள 18இல் ஆளுக்கு மூன்று, ஆக 103 என்று வாய்க்கணக்காகவே வந்துவிடும். விடையை முன்கூட்டியே தோராயமாகச் சொல்லச் செய்து, அதன் பிறகு தாளில் போடச் செய்தால், 13 என்ற விடை பிள்ளையின் கண்ணுக்கே உறுத்தும்.

பின்னமும் எடைக்கருவியும்

நாடு முழுவதும் 2024 டிசம்பர் 4ஆம் தேதி நடத்தப்பட்ட 'பரக்' தேசிய ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்களின் கணிதச் சராசரி 46 சதவீதமாகப் பதிவானது. அரை, கால் போன்ற வழக்கமான பின்னங்களைக் குறித்துக் காட்டவும் ஒப்பிடவும் 29 சதவீதத்தினருக்கே இயன்றது. கிராமப்புறங்களில் மட்டும் நடத்தப்படும் 'ஏசர்' ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தேசிய அளவில் 30.7 சதவீதம். 2022இல் இது 25.6 சதவீதமாக இருந்தது. முன்னேற்றம்தான், எனினும் பத்தில் ஏழு பேர் வகுத்தல் தெரியாமலேயே ஆறாம் வகுப்பின் வாசலுக்கு வருகிறார்கள் என்பதும் இதே எண்ணின் மறுபக்கம்.

பின்னத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பது அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. இருந்தும் தாளில் 1/2 + 1/4 என்று கண்டவுடன் மேலே உள்ளவற்றைக் கூட்டி, கீழே உள்ளவற்றைக் கூட்டி 2/6 என எழுதுவோர் பலர். அது அரையை விடச் சிறியது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கிலோ ரூ.36 விலையுள்ள வெங்காயத்தில் முக்கால் கிலோ என்ன விலை என்று கேட்டால் 18உம் 9உம் சேர்த்து 27 என்று சொல்லும் பிள்ளையிடம், அதையே 36 × 3/4 என்று எழுதிக் காட்டி, "நீ இப்போது சொன்னதுதான் இது" என்று இணைத்துவிட வேண்டும்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகள் பின்னத்துக்குத் தந்த இடம் இங்கு நினைவுகூரத்தக்கது. எண்சுவடி வாய்பாடுகளில் முழு எண்களோடு அரைக்கால் எனும் 1/8, மாகாணி எனும் 1/16, காணி எனும் 1/80 வரை மனனம் செய்விக்கப்பட்டன. அவை வரி, கூலி, நெல் அளவை ஆகியவற்றோடு எவ்வாறு பிணைந்திருந்தன என்பதை வரலாற்று ஆய்வாளர் து. செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தசமத்துக்கு இன்றைய கடைகளிலுள்ள மின்னணு எடைக்கருவியே போதுமான பாடநூல். 0.35, 0.5 ஆகியவற்றுள் பெரியது எது என்றால், 35 பெரிது என்பதால் 0.35 என்று கூறும் பிள்ளைகள் ஏராளம். எடைக்கருவியின் திரையில் 0.350 என்றும் 0.500 என்றும் தெரியும்போது, முன்னது 350 கிராம், பின்னது அரைக் கிலோ என்பதில் யாருக்கும் ஐயம் எழாது.

எண்ணும் மொழியும்

சிவாஜிநகர் போன்ற பன்மொழிப் பகுதிகளில் எண்ணுப் பெயர்களும் ஒரு தடையாகக்கூடும். தமிழில் தொண்ணூறு என்ற சொல்லில் நூறின் ஓசையும் தொள்ளாயிரத்தில் ஆயிரத்தின் ஓசையும் கலந்துள்ளன. உருதுவில் 29 என்பது உன்தீஸ், அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. ஓசையோ முப்பதை நினைவூட்டுகிறது. ஆங்கிலத்தில் தர்ட்டீன், தர்ட்டி குழப்பம் அனைவரும் அறிந்ததே. நூற்று ஐந்து என்று காதில் விழுந்ததை 1005 என எழுதும் பிள்ளைக்குத் தெரியாதது இடமதிப்பா, மொழியா என்பதை ஆசிரியரால் எளிதில் பிரித்தறிய முடியாது. வீட்டு மொழியில் விலையைச் சொல்லி, இலக்கத்தில் எழுதச் செய்து, பள்ளி மொழியில் உரக்கப் படிக்கச் செய்வது ஐந்து நிமிடப் பயிற்சி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோரும் எண்களில் தடுமாறுவதுண்டு என்பதால், பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

விடுமுறையில் உண்மையிலேயே மறந்துபோகிறதா?

அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட முடிவு இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. கோடை விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்புக்கு நிகரான அளவை இழக்கின்றனர் என்றும், வாசிப்பை விடக் கணிதத்தில், குறிப்பாகக் கணக்கிடும் திறனில், இழப்பு அதிகம் என்றும் அவர்கள் கூறினர். பிற்காலத்தில் பால் வான் ஹிப்பல் போன்றோர், பழைய தேர்வுகளின் அளவுகோலில் இருந்த குறைகளே இழப்பைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என ஐயம் எழுப்பினர். அமெரிக்காவின் விடுமுறை நம்முடையதை விட நீண்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

தமிழகத்தில் கிடைத்த சான்று நமக்கு நெருக்கமானது. கொரோனா காலத்தில் சுமார் 18 மாதங்கள் பள்ளிகள் மூடப்பட்டதால் கணிதத்தில் பெரும் பின்னடைவு ஏற்பட்டிருந்ததையும், பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டதையும் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகியோரின் ஆய்வு பதிவு செய்தது. மீட்சியில் சுமார் 24 சதவீதம், 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தின் பங்களிப்பு என அவர்கள் மதிப்பிட்டனர். குடியிருப்புப் பகுதியிலேயே தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை நடத்திய வகுப்புகள் அவை.

அதைவிடக் குறைந்த நேரமும் பலன் தரக்கூடும். போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது சுமார் 4,500 குடும்பங்களிடையே நடந்த சோதனையில், வாரம் ஒரு முறை ஏறத்தாழ 20 நிமிடத் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்திக் கணக்குகளும் மாணவர்களின் எண்ணறிவை உயர்த்தின. இதே வழியைப் பின்பற்றி, 3 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆசிரியர்கள் தொலைபேசியில் கணிதம் கற்பிக்கும் 'கணித கணகா' திட்டத்தைக் கர்நாடக அரசு செயல்படுத்தி வருகிறது.

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட அக்ஷரா அறக்கட்டளை, அரசுப் பள்ளிகளில் 'கணித கலிகா ஆந்தோலனா' என்ற பெயரில் மணிச்சட்டம், பின்னப் பட்டைகள் போன்ற பொருட்களைக் கையில் தந்து தொடங்கி, படம் வழியாக எழுத்துக் கணக்குக்கு அழைத்துச் செல்லும் முறையைப் பரப்பியது. அதன் 'பில்டிங் பிளாக்ஸ்' கைப்பேசிச் செயலி தமிழ், கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. செயலி உதவியே, கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டால் பயிற்சி நடந்துவிட்டது என்று கொள்ள இயலாது.

எங்கிருந்து தொடங்குவது?

அடுத்த வகுப்பின் புத்தகத்தை ஏப்ரலிலேயே வாங்கி நடத்துவது பல வீடுகளில் காணப்படும் பழக்கம். வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு அது சுமையாகவே முடியும். வகுப்பைப் பாராமல் பிள்ளையின் தற்போதைய நிலையை அறிந்து அங்கிருந்து கற்பிப்பதே 'பிரதம்' அமைப்பு பல்லாண்டுகளாகக் கையாளும் முறை. அதை வீட்டிலேயே சோதிக்கலாம். கடன் வாங்கும் கழித்தல் ஒன்று, மூன்றிலக்க வகுத்தல் ஒன்று, இரு பின்னங்களை ஒப்பிடுதல் ஒன்று. பிள்ளை முதலில் தடுமாறும் இடமே தொடக்கப் புள்ளி.

நாளொன்றுக்கு 20 நிமிடம் வீதம் 48 நாட்களுக்கு 16 மணி நேரமாகிறது. அன்று கடையிலோ வீட்டுச் செலவிலோ உண்மையில் நிகழ்ந்த இரண்டு கணக்குகளை வாயால் சொல்லி, அவற்றையே தாளில் எழுத்து முறையில் போட்டு, இரு விடைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு அந்த நேரம் போதும். கடைப் பக்கமே செல்லாத பிள்ளைக்கு எதிர்த்திசையில் பயிற்சி தேவை: நோட்டில் போடும் கணக்கைக் கடைக்கு அனுப்பிச் செய்விக்க வேண்டும்.

மே மாத இறுதியில் பள்ளி திறந்ததும், 'சேதுபந்த' என்ற பெயரில் முந்தைய ஆண்டுப் பாடங்களுக்கான இணைப்புப் பயிற்சி கர்நாடகப் பள்ளிகளில் நடத்தப்படுகிறது. அதன் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் முன்தேர்வு உண்டு. விடுமுறையில் எழுதிய நோட்டைப் பெற்றோர் அப்போது வகுப்பாசிரியரிடம் காட்டி, முன்தேர்வில் எந்தக் கணக்கில் பிள்ளை தடுமாறியது என்பதையும் கேட்டறியலாம்.