மாமாவோட ஜோங்காவும் சாக்குல சுத்தி வச்ச இன்ஜினும்

போன வாரம் திருப்பருத்திக்குன்றம் போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து வேகவதி ஆற்றுப் பக்கம் போனால் வரும் ஊர். ஜினகாஞ்சின்னும் சொல்வாங்க. வெளியூர்க்காரங்க அங்கே வர்றது சமணக் கோயிலைப் பார்க்க. நான் போனது ஒரு வண்டிக்காக.

எங்க மாமா வீட்டுக்குப் பின்னால, தறி இருக்கிற அறையோட சுவரை ஒட்டி, தகரக் கொட்டகையில ஒரு ஜோங்கா நிக்குது. மாமா போன வருஷம் தவறிட்டாரு. அத்தை என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "இதை நீ ஓட்டுறியாடா, இல்ல எடைக்குப் போட்டுடலாமா?"

சின்னக் கேள்விதான். ஆனா பதில் தேடப் போனா கொரியப் போர், பெட்ரோல் விலை, உச்ச நீதிமன்றம்னு எங்கெங்கேயோ இழுத்துட்டுப் போயிடுச்சு.

முதல்ல, ஜோங்கான்னா என்ன? 2019ல தோனி ராஞ்சித் தெருவுல ஒரு பழைய மிலிட்டரி வண்டியை ஓட்டிட்டு வந்தது வைரல் ஆச்சே, ஞாபகம் இருக்கா? அதேதான். ஜீப் மாதிரி இருக்கும், ஆனா ஜீப்பை விடப் பெரிசு. பேரு ஏதோ ஆப்பிரிக்க மொழி மாதிரி இருந்தாலும் அது வெறும் சுருக்கம்: ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி. மத்தியப் பிரதேசத்துல இருக்கிற அரசுத் தொழிற்சாலையோட பேரைத்தான் வண்டிக்கு வச்சிருக்காங்க.

ஆனா வண்டி ஜப்பான்காரங்களோடது. 1950ல கொரியப் போர் ஆரம்பிச்சப்போ அமெரிக்க ராணுவத்துக்குப் பக்கத்துலயே வண்டி தேவைப்பட்டது. ஜப்பான் கம்பெனிகள் வில்லிஸ் ஜீப்பைப் பார்த்து அதே மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க. 1951ல டொயோட்டா ஒண்ணு கொண்டு வந்தது, நிஸான் ஒண்ணு கொண்டு வந்தது. டொயோட்டா செஞ்சதுதான் பின்னால லேண்ட் குரூஸர் ஆச்சு. நிஸானோடது பேட்ரோல். 1960ல வந்த அடுத்த தலைமுறை பேட்ரோலை லைசென்ஸ் வாங்கி நம்ம ஊர்ல செஞ்சதுதான் ஜோங்கா.

ஏன் வாங்கினோம்? 1962. சீனாவோட நடந்த போர்ல மலை மேல ஆளையும் பொருளையும் கொண்டுபோக வண்டி இல்லாம பட்ட பாடு. அந்தப் போருக்கு முன்னாலயும் பின்னாலயும் ஜபல்பூர்ல வரிசையா வண்டி செஞ்சாங்க. ஜெர்மனியோட மேன் கம்பெனி லைசென்ஸ்ல சக்திமான் லாரி, நிஸானோட ஒரு டன் வண்டி, கூடவே ஜோங்கா. ஆம்புலன்ஸாகவும் போனது, 106 மி.மீ. பீரங்கியைச் சுமந்துக்கிட்டும் போனது. நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். நிஸான் லாரிகள்ல இருந்த அதே குடும்பம். ராணுவத்துக்கு அது பெரிய வரம். பெட்ரோல் காசு ஜவான் பாக்கெட்டிலிருந்து போகலையே!

எங்க மாமா பாக்கெட்டிலிருந்து போச்சு. 1987ல ராணுவம் கழிச்ச வண்டியை ஏலத்துல எடுத்தாரு. பாலாற்றுப் பக்கம் கொஞ்சம் நிலம், ஊர்ல ரெண்டு தறி. மழையில சேத்துக்குள்ள போய் நெல்லு மூட்டை ஏத்திட்டு வர நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேணும்னு ஆசை. இழுத்தது. ஆனா லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். "வண்டிக்குப் பின்னாலயே ஒரு பெட்ரோல் பங்க் ஓடி வரணும்"னு அத்தை இன்னும் சொல்றாங்க.

இதுல மாமா தனி ஆள் இல்ல. 1973 கடைசியில வந்த எண்ணெய் நெருக்கடியில, சில மாசத்துலயே கச்சா எண்ணெய் விலை கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆச்சு. இந்தியாவுல பெட்ரோல் ஜீப் வச்சிருந்தவங்க எல்லாரும் டீசல் பக்கம் திரும்பினாங்க. மஹிந்திராவே டிராக்டருக்குச் செஞ்ச டீசல் இன்ஜினை ஜீப்புக்குள்ள வச்சாங்க. அப்புறம் 1979ல பிரான்ஸோட பெஜோ கம்பெனிகிட்ட டீசல் இன்ஜினுக்கு லைசென்ஸ் வாங்கினாங்க. பஞ்சாப் எல்லையில மண்டி டப்வாலின்னு ஒரு ஊர், பழைய ஜீப்பைப் பிரிச்சு வேற இன்ஜின், வேற பாடி போட்டுக் கொடுக்கிறதே அங்கே தொழில். நம்ம பக்கம் புதுப்பேட்டை சாமானும், பேர்ப்பலகைகூட இல்லாத பட்டறையும் போதும்.

1994ல மாமா டாடா 407 டீசல் இன்ஜினைப் போட்டாரு. இன்ஜினைத் தூக்கி உள்ள வச்சா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. இன்ஜின் ஒரு கம்பெனி, கியர் பாக்ஸ் இன்னொரு கம்பெனி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இரும்புத் தகடு கடைஞ்சு சேர்க்கணும். ஒரு நூல் தள்ளிப்போனாலும் கிளட்ச் சீக்கிரமே போயிடும். பழைய பாவோட புதுப் பாவை இழை இழையா முறுக்கிச் சேர்க்கிறவங்க வீட்டு மனுஷன், அதனால பொறுமையா பக்கத்துல உக்காந்து பார்த்திருக்காரு. டீசல் இன்ஜின் வேகமா சுத்தாது, அதனால மேல்வேகம் குறையும். மாமாவுக்கு அதைப் பத்திக் கவலையே இல்ல. வயலுக்குப் போறவருக்கு நூறுல போய் என்ன வேலை?

இதுல ஒரு வேடிக்கை. 1996ல ஜபல்பூர்க்காரங்களே பொதுமக்களுக்குன்னு ஒரு ஜோங்கா கொண்டு வந்தாங்க. உள்ளே என்ன இன்ஜின் தெரியுமா? நம்ம எண்ணூர்ல பிறந்த அசோக் லேலண்டோட டீசல். கொஞ்சம்தான் வித்தது. 1999ல ஜோங்கா உற்பத்தியே நின்னுபோச்சு. ஆனா மாமா கொட்டகையில ரெண்டு வருஷம் முன்னாலேயே செஞ்சதைத்தான் தொழிற்சாலையும் செஞ்சது. அது புது மாடல், இது சட்டமீறல்.

ஆமா, சட்டமீறல்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு: தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. எரிபொருள் மாத்தணும்னா அங்கீகாரம் வாங்கின கிட், அதிகாரி அனுமதி ரெண்டும் வேணும். 2019 ஜனவரியில, கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிப் பிடிச்சது. அதே வருஷம் சட்டத்திருத்தம் வந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும்கூட இருக்கலாம்னு ஆச்சு.

நான் நீதிமன்றத்தைத் திட்டப்போறதில்ல. ஜோங்காவுக்கு நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். அதே பிரேக்கை வச்சுக்கிட்டு பெரிய டயர், பெரிய இன்ஜின், கண்ணைப் பறிக்கிற லைட்டுன்னு போட்டு ஈ.சி.ஆர்.ல பறக்கிறவங்களைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. ஆனா வயலுக்குப் போறதுக்காக டீசல் போட்டவரையும் அவங்களையும் சட்டம் ஒரே கண்ணாலதான் பார்க்குது.

2021ல வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டினா விஏ-ன்னு எழுத்து போட்ட நம்பர் பிளேட், பத்து வருஷத்துக்குப் பதிவு. தினசரி ஓட்டக் கூடாது, அது பரவாயில்ல. ஆனா முதல் பதிவுலருந்து 50 வருஷம் ஆகியிருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்னு பெரிசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. மாமா வண்டிக்கு ரெண்டுமே இடிக்குது. சிவில் பதிவு 1987ல. ராணுவத்துல ஓடின வருஷம் ஆர்.சி. புக்குல இல்ல. இன்ஜின் கதை உங்களுக்கே தெரியும்.

2022ல பதிவைப் புதுப்பிக்கப் போனப்போ, ஆய்வாளர் பானட்டைத் திறந்து பார்த்தாரு, ஆர்.சி.யைப் பார்த்தாரு. அதுல பெட்ரோல்னு இருக்கு. மாமா ஒண்ணும் பேசாம வண்டியைத் திருப்பிட்டாரு. அன்னைக்கு நின்னது.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். திரைலோக்கியநாதர் கோயில். பல்லவர் காலத்துல தொடங்கினது, சோழர் சேர்த்தது, 1387ல விஜயநகரத்துத் தளபதி இருகப்பர் கட்டின சங்கீத மண்டபம், அதோட கூரையில அதுக்கும் பின்னால வந்த ஓவியங்கள். அங்கே போய் "ஒரிஜினல் எது"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கோயில் ஹைவேயில ஓடாது, ஒப்பிடுறது நியாயமில்லன்னு எனக்கே தோணிச்சு.

திரும்பி வந்தப்போ அத்தை கொட்டகை மூலையைக் காட்டினாங்க. சாக்கு, அதுக்குள்ள பிளாஸ்டிக் ஷீட், அதுக்குள்ள கிரீஸ் தடவின ஆறு சிலிண்டர் நிஸான் இன்ஜின். கழட்டினதை மாமா விக்கவே இல்ல. "இரும்புக் கடைக்காரன் எத்தனை தடவை கேட்டான் தெரியுமா?"ன்னாங்க.

அதனால முடிவு பண்ணியாச்சு. பழைய இன்ஜின் திரும்ப உள்ளே போகுது. இருபது வருஷம் தாண்டின காருக்குப் பதிவு புதுப்பிக்க இப்போ கட்டணமே 10,000 ரூபாய். சென்னைக்கு ஒரு தடவை வந்து போனா பெட்ரோல் மூவாயிரத்தைத் தாண்டும், கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். ஒரகடத்துல 2010ல நிஸான் கார் செய்ய ஆரம்பிச்ச தொழிற்சாலை இருக்கு, ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனா இந்த இன்ஜினுக்குக் கேஸ்கெட் வேணும்னா புதுப்பேட்டையிலதான் அலையணும்.

மெக்கானிக் 407 இன்ஜினை வெளியே இறக்கினதும், இதை எடைக்குப் போட்டுடலாமான்னு அத்தையைக் கேட்டேன். அவங்க பதில் சொல்லல. அதே சாக்கை உதறி எடுத்துட்டு வந்தாங்க.