மோவரின் கயிறு கைப்பிடிக்கு ஏறிய கதை

பெட்ரோல் லான் மோவர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் பார்ப்பது நாலைந்து விஷயங்கள்தான். டேங்கில் இருப்பது பழைய பெட்ரோலா, ஸ்பார்க் பிளக்கில் பொறி வருதா, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கா, கார்புரேட்டர் சுத்தமா இருக்கா. கடைசியாக ஒன்று: கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய அந்த வளைந்த கம்பியும், அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிளும் சரியா இருக்கா.

மற்றதெல்லாம் இன்ஜின் பிறந்த நாளிலிருந்து இருக்கும் தொல்லைகள். இந்தக் கடைசித் தொல்லைக்கு மட்டும் ஒரு பிறந்த தேதி உண்டு: 1982 ஜூன் 30, அமெரிக்கா. கொஞ்ச நாளாக அந்த நாட்டின் மோவர் பாதுகாப்பு விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறதுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சது.

முதலில் பழைய கதை சுருக்கமாக. 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் மோவருக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது. ஒருவர் பின்னால் நின்று தள்ளணும், இன்னொருவர் முன்னால் இழுக்கலாம். ஸ்டார்ட் பண்ணும் பிரச்சினையே கிடையாது. 1890-களில் நீராவி மோவர் வந்தது. அதில் கொதிகலன் சூடாகி நீராவி சேரும்வரை புல் காத்திருக்கணும். 1902-இல் ரான்சம்ஸ் கம்பெனி பெட்ரோல் மோவரை விற்கத் தொடங்கியது.

சின்ன இன்ஜின்களுக்குக் கயிறுதான் சாவி. ஆரம்பத்தில் அது தனிக் கயிறு. ஒரு முனையில் முடிச்சு. அதைக் கப்பியின் வெட்டில் மாட்டி, சுற்றி, இழுக்கணும். பற்றிக்கொள்ளாவிட்டால் கயிறு கையோடு வந்துவிடும், மறுபடி சுற்றணும். பிறகுதான் தானாகச் சுருண்டுகொள்ளும் சுருள்வில் அமைப்பு வந்தது. ஆனால் கயிற்றுப் பிடி இன்ஜின் மேலேயே இருந்தது. அதாவது, குனிந்து, ஒரு காலை மோவரின் பக்கத்தில் ஊன்றி (பலர் அதன் மேலேயே வைத்து) இழுக்கணும். இன்ஜின் பற்றிய அதே நொடி கத்தியும் சுற்றத் தொடங்கும். கால்விரல் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1970-களில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கெடுத்தபோது, கத்தி பட்ட காயங்கள் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 77,000 என்று மதிப்பிட்டது. பல பேருக்கு விரலே போனது. அடைத்த புல்லை எடுக்கக் கைவிட்டவர்களும் இதில் உண்டு. இன்ஜினை அணைத்தாலும் கத்தி சில நொடிகள் சுற்றிக்கொண்டேதானே இருக்கும்.

ஆணையம் எழுதிய விதி எளிமையானது: நடந்து தள்ளும் மோவரில் கைப்பிடியை விட்டால் 3 நொடிக்குள் கத்தி நிற்கணும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, இன்ஜின் ஓடட்டும், கத்தியை மட்டும் கிளட்ச் வைத்துப் பிரித்து நிறுத்தலாம். இது செலவு. இன்னொன்று, ஃப்ளைவீலில் பிரேக் போட்டு இன்ஜினையே நிறுத்திவிடலாம். இது மலிவு. ஆனால் ஒவ்வொரு தடவை கையை எடுக்கும்போதும் மறுபடி கயிறு இழுக்கணும். குழந்தையின் பந்தை ஓரமாகப் போட, புல் பையைக் காலி பண்ண, மூக்கைத் துடைக்க, எல்லாத்துக்கும்.

ஆணையத்துக்கு இது தெரிந்திருந்தது. சலித்துப்போன ஆள் அந்தக் கம்பியை ஒரு துண்டுக் கயிற்றால் கைப்பிடியோடு கட்டிவிடுவான், பிறகு பாதுகாப்பு எங்கே? அதனால், இன்ஜினை நிறுத்தும் மோவர் என்றால் கயிறு போதாது, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வசதி வேண்டும் என்றார்கள். மனித சுபாவம் தெரிந்த விதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

1981-இல் நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது. கயிற்றிலேயே ஸ்டார்ட் பண்ணலாம், ஆனால் கயிற்றுப் பிடி கைப்பிடியின் மேல்முனையிலிருந்து 24 அங்குலத்துக்குள் இருக்கணும், இல்லாவிட்டால் கத்தியைச் சுற்றி நாலா பக்கமும் கால் நுழையாதபடி தடுப்பு வேண்டும். இன்று அமெரிக்க மோவர்களில் இன்ஜினிலிருந்து நீண்டு வந்து கைப்பிடியில் ஒரு கொக்கியில் தொங்கும் கயிறு அந்த 24 அங்குலத்தின் விளைவுதான். ஆள் பின்னால் நின்று இழுப்பார், கால் கத்திக்குத் தூரத்தில் இருக்கும். விரல்கள் பிழைத்தன. பட்டன் விலை மிச்சம். மிச்சமான காசுக்குப் பதிலாகத் தோள்பட்டை உழைக்கிறது.

இப்போது மெக்கானிக்கின் பட்டியலுக்கு வருவோம். கம்பியை விட்டதும் இரண்டு காரியம் நடக்கும். பிரேக் கட்டை ஃப்ளைவீலைக் கவ்வும். கூடவே காயிலின் மின்சாரம் இன்ஜின் உடம்புக்குத் திருப்பப்படும், பொறி வராது. கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ, நீங்கள் கம்பியைப் பிடித்திருந்தும் இன்ஜினுக்கு அது தெரியாது. கயிறு கனமாக வரும், பொறி மட்டும் வராது. புது பிளக் வாங்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அதனால், கயிறு வழக்கத்தைவிடக் கடினமாக வந்தால் பிளக்கைத் தொடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

கயிறு லேசாக வருது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகலைன்னா பெரும்பாலும் பெட்ரோல்தான். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதி போய்விடும், மிச்சம் பிசினாகி ஜெட் துளையை அடைக்கும். எத்தனால் கலந்ததென்றால் ஈரத்தையும் உறிஞ்சும். முன்பெல்லாம் கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருப்பிக் கலவையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிப்பார்கள். 1997-இல் சின்ன இன்ஜின்களுக்கும் புகை விதி வந்த பிறகு அந்தத் திருகுக்கும் வேலை போச்சு.

பேட்டரி மோவரில் கயிறு இல்லை, பட்டன் வந்துவிட்டது. கைப்பிடியில் அந்தக் கம்பி மட்டும் அப்படியே இருக்கிறது. விட்டால் 3 நொடிக்குள் கத்தி நிற்கணும் என்ற விதி அதற்கும் பொருந்தும்.