புவியியல் தகவல் அறிவியல் முதுநிலைப் படிப்பு

புவியியல் தகவல் அறிவியல் என்பது இடம் சார்ந்த தரவுகளை அளத்தல், சேமித்தல், பகுத்தாய்தல், வரைபடமாக்கல் ஆகியவற்றின் அடிப்படைகளை ஆராயும் துறை ஆகும். புவியியல் தகவல் முறைமை என்பது இத்துறையின் கருவியான மென்பொருளையும் தரவுத்தளத்தையும் குறிக்கும். அம்முறைமை 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் என்பவரின் முயற்சியால் உருவானது. அதன் பின்னுள்ள கேள்விகளைத் தனி அறிவியலாகக் கொள்ள வேண்டும் என்று மைக்கேல் குட்சைல்டு 1992இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே தற்போதைய பெயர் பரவலானது. இக்கட்டுரை தமிழ்நாட்டில் இத்துறையின் முதுநிலைக் கல்வியைப் பற்றியது.

வரலாறு

தமிழகத்தில் நில அளவைக் கல்வி மிகப் பழையது. மைக்கேல் டாப்பிங் 1794இல் சென்னையில் எட்டு மாணவர்களுடன் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. இந்தியாவின் பெரும் முக்கோண அளவீட்டுக்கான முதல் அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அளந்தார். இன்று அக்கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரி. அங்குள்ள தொலையுணர்வு நிறுவனம் இத்துறையில் முதுநிலைப் பொறியியல் கல்வி அளிக்கிறது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு, நிலவியல் சார்ந்த படிப்புகள் உள்ளன. நாட்டளவில் பழமையான நிறுவனம் தேராதூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆகும். இது 1966இல் நெதர்லாந்தின் ஒத்துழைப்புடன் வான்படங்களை வாசிக்கப் பயிற்றும் நிலையமாகத் தொடங்கியது.

பாடங்கள்

படிப்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள், நான்கு பருவங்கள். மென்பொருளை இயக்கக் கற்பது இதன் சிறு பகுதியே. கியூஜிஐஎஸ், கிராஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கணினிப் பழக்கம் உள்ள எவரும் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம். ஆள்கூற்று முறைமைகள், வரைபட வீழ்ப்புகள், பிழைக் கோட்பாடு, இடப் புள்ளியியல், தரவுத்தள வடிவமைப்பு ஆகியவற்றுக்கே ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

ஆள்கூற்று முறைமையின் தேவையை ஓர் எளிய எடுத்துக்காட்டு காட்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் ஜார்ஜ் எவரெஸ்ட் பெயரால் வழங்கும் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவி டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொன்றைப் பயன்படுத்துகிறது. மாற்றம் செய்யாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் சென்னைப் பகுதியில் இடங்கள் நூறு மீட்டருக்கு மேல் விலகும். ஒரு கால்வாயை அடுத்தவர் நிலத்தில் வரைந்துவிட இந்த விலகல் போதும்.

மணிமங்கலம்: ஓர் ஆய்வுக் களம்

மணிமங்கலம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்திற்கு மேற்கே திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியை அடுத்துள்ள ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் சாளுக்கியரை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதனைக் குறிப்பிடுகிறது. அடையாறு இவ்வூருக்கு அருகிலுள்ள மலைப்பட்டு ஏரிப் பகுதியில் தோன்றுவதாகக் கொள்வர். மணிமங்கலம் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீரும் அடையாற்றுக்கே செல்கிறது.

2015 டிசம்பர் 1, 2 நாள்களில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அவ்வெள்ளம் குறித்த பொது விவாதம் பெரும்பாலும் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பைப் பற்றியதாக இருந்தது. ஆயினும் செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்பக்கம் உள்ளன. அங்கு வந்த நீர் மணிமங்கலம், ஆதனூர் முதலிய மேல்நிலை ஏரிகளின் வடிநிலத்திலிருந்து வந்தது. வரைபடத்தில் ஆறு எங்கே எதனோடு இணைகிறது என்று பார்த்தாலே விளங்கும் செய்தி இது.

எந்தக் கலங்கல் வழியே எவ்வளவு நீர் எங்கே சென்றது என்ற கேள்வி அவ்வளவு எளிதன்று. மாணவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது 2000இல் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட இலவச உயரத் தரவு. அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர்; உயரப் பிழை சில மீட்டர்களாக இருக்கலாம். ஏரிக்கரையின் உயரமும் சில மீட்டர்தான், அகலமோ ஒரு கட்டத்தை விடக் குறைவு. எனவே கரை தரவில் மறைந்துபோகிறது. மேலும், நீரோட்டத்தைக் கணிக்கும் மென்பொருள் முதல் படியில் பள்ளங்களைப் பிழையெனக் கருதி நிரப்பிவிடும். ஏரியும் ஒரு பள்ளமே. கவனிக்காத மாணவரின் வரைபடத்தில் நீர் ஏரியின் நடுவே, கரையைக் கடந்து, நேராக ஓடும். கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றின் மட்டத்தைக் களத்தில் அளந்து சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

செயற்கைக்கோள் படங்களிலும் இத்தகைய இடர்கள் உண்டு. கோடையில் வற்றிய ஏரியில் சீமைக் கருவேலம் வளர்ந்திருந்தால் வகைப்படுத்தும் நிரல் அதைப் புதர்க்காடு அல்லது தரிசு என்று குறிக்கும். ஆகாயத் தாமரை படர்ந்தால் பயிர் போலத் தோன்றும். தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் விரைந்து பெருகும் பகுதியில், நீர்நிலை ஒன்று அரசு வரைபடத்தில் தரிசாகப் பதிவாவது வெறும் கல்விப் பிழையாக நின்றுவிடாது. வெள்ள நாள்களில் மேகம் மறைப்பதால் 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் படத்தில் கருமையாகத் தெரியும். தெருவில் நிற்கும் நீரோ சுவர்களில் பட்டுத் திரும்பும் அலையால் வெளிச்சமாகவே தெரியக்கூடும். ஆகவே வீடுகள் மூழ்கிய இடங்களே படத்தில் விடுபட்டுப் போவதுண்டு.

ஆவணங்களும் அனுமதியும்

ஏரியின் சட்டப்படியான எல்லை வருவாய்த் துறையின் கிராம வரைபடத்திலும் புலப்படங்களிலும் உள்ளது. சங்கிலி கொண்டு அளந்த பழைய புலப்படங்களில் அகலாங்கு, நெட்டாங்கு இல்லை. எல்லைக் கற்களைக் களத்தில் கண்டுபிடித்து அவற்றின் ஆள்கூறுகளை அளந்த பின்னரே அவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்த இயலும். கல் பிடுங்கப்பட்டிருந்தால் பணி கடினமாகும். ஊர் முதியவர்களும் நீர்க்கட்டிகளும் காட்டும் பழைய வரத்துக்கால்கள் அப்போது பெரிதும் பயன்படும்.

முன்னர் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ.க்குள் அமைந்த பகுதிகளின் விரிவான நிலவரைபடங்கள் கட்டுப்படுத்தப்பட்டவையாக இருந்தன. கடலிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவிலுள்ள மணிமங்கலமும் அதில் அடங்கும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனி வரைபடத் தொடரை அறிமுகம் செய்தது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள் இந்தியர் தரவு திரட்டவும் வெளியிடவும் முன் அனுமதி பெறும் தேவையைப் பெரும்பாலும் நீக்கின.

சேர்க்கை

குடிசார் பொறியியல், நிலவியல், புவியியல், கணினி அறிவியல் பட்டதாரிகள் இப்படிப்புகளில் சேர்கின்றனர். தகுதி நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். கேட் தேர்வில் 2022 முதல் புவித்தகவல் பொறியியலுக்குத் தனித் தாள் உள்ளது. பட்டம் பெற்றவர்கள் நில அளவைத் துறை, ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம், நகரமைப்பு அலுவலகங்கள், வழிகாட்டி வரைபட நிறுவனங்கள் ஆகியவற்றில் பணிபுரிகின்றனர். நிரலாக்கம் அறிந்தவருக்கு வாய்ப்பு மிகுதி. பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆனால் களத்தில் மாணவர் படிக்க வேண்டிய பட்டாவும் அ-பதிவேடும் தமிழில் உள்ளன.