தாமல் வழியே வரும் நூல்: காஞ்சித் தறியும் சீனப் பட்டும்

பெங்களூரிலிருந்து சென்னைக்கு வரும் நெடுஞ்சாலை காஞ்சிபுரத்தை நெருங்குமுன் தாமல் ஏரியை ஒட்டிச் செல்கிறது. வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் உள்ள இந்தப் பழைய ஊர், தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான தாமர்க் கோட்டத்தோடு தொடர்புடையது. காஞ்சித் தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டில் பெரும்பகுதி இந்தச் சாலை வழியேதான் ராமநகரம், கொள்ளேகால், ஓசூர்ப் பக்கங்களிலிருந்து வந்து சேர்கிறது. எஞ்சியது கடல் கடந்து சீனாவிலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்தில் பட்டுப்புழு வளர்ப்பு ஒருபோதும் பெருந்தொழிலாக இருந்ததில்லை. உலகமே பெயர் சொல்லும் சேலையை நெய்யும் ஊர், அதன் மூலப்பொருளுக்கு எப்போதும் வெளியூரை நம்பியே இருந்திருக்கிறது.

இந்தச் சார்பு சீனச் சந்தையோடு எப்படிப் பிணைந்தது, அதன் சுமையை யார் தாங்கினார்கள் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. கடந்த 25 ஆண்டுகளில் சீனப் பட்டின் மீதான வரி மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றமும் புழு வளர்ப்பவருக்கும் நெய்பவருக்கும் இடையிலான வழக்காகவே பேசப்பட்டது. தறியில் உட்கார்ந்து கூலிக்கு நெய்பவர் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

பழைய உறவு

சீனத்தோடு காஞ்சியின் உறவைப் பேசத் தொடங்கினால் 'ஹான் வரலாறு' என்னும் பழைய சீன நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்நூலின் நிலவியல் பகுதி குறிப்பிடும் 'ஹுவாங்சி' நாடு காஞ்சிதான் என்று கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி உள்ளிட்ட பலர் கருதினர், மறுப்பவர்களும் உண்டு. முடிவு எதுவானாலும் அக்குறிப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சீன வணிகர் பொன்னையும் பட்டுத் துணியையும் கொண்டுபோய் முத்தும் பளிங்கும் அரிய கற்களும் வாங்கி வந்தனர் என்கிறது அது. அந்த வணிகத்தில் பட்டு சீனத்தின் பணமாகவே நின்றது.

7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி சுவான்சாங் காஞ்சியைப் பற்றி எழுதினார். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவனின் தூதுக்குழு 720இல் தாங் பேரரசரின் அவைக்குச் சென்றது. சோழர் தூதுகள் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சென்றன. சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. இவை பெருமைக்குரிய செய்திகள்தான். ஆனால் இவற்றுக்கும் இன்றைய காஞ்சிச் சேலைக்கும் இடையே அறுபடாத இழை ஒன்று ஓடுவதாகச் சொல்வது வரலாற்றை இழுத்து நீட்டுவதாகும். காஞ்சியின் இன்றைய பட்டு நெசவு விசயநகரக் காலத்துக்குப் பின் உருப்பெற்றது. செங்குந்தர், தேவாங்கர், பத்மசாலியர், சௌராட்டிரர் எனப் பல சமூகங்கள் சேர்ந்து வளர்த்த தொழில் அது. பக்கத்து மைசூரில் திப்பு சுல்தான் காலத்தில் புழு வளர்ப்பு வேரூன்றிய பிறகே அதற்கு அருகிலிருந்து நிலையாக நூல் கிடைக்கலாயிற்று.

1956: ஒரு வட்டம் கைமாறியது

காஞ்சியின் நூல் வரலாற்றில் போதிய கவனம் பெறாத ஆண்டு 1956. கொள்ளேகால் அதுவரை சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாகாணத்தின் பட்டுக்கூட்டு வளம் அங்கேதான் குவிந்திருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பில் 1956 நவம்பர் 1 அன்று அது மைசூர் மாநிலத்துக்குப் போனது. நெசவு தமிழ்நாட்டில், நூல் கர்நாடகத்தில் என்ற பிரிவினை அன்றே நிலைத்தது. எல்லைப் போராட்டங்களில் திருத்தணியையும் குமரியையும் நினைவில் வைத்திருக்கும் நாம் கொள்ளேகாலின் பொருளாதார இழப்பை அவ்வளவாகப் பேசியதில்லை.

தமிழ்நாடு புழு வளர்ப்பைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. பட்டு வளர்ச்சிக்கெனத் தனித்துறை 1979இல் வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களில் மல்பெரித் தோட்டங்கள் பெருகின. காஞ்சிபுரத்தில் அண்ணா பட்டுப் பரிமாற்றகமும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு நூல் வாங்கித் தரும் 'டான்சில்க்' இணையமும் அமைந்தன. ஆனாலும் தேவைக்கும் விளைச்சலுக்கும் இடையிலான பள்ளம் அடைபடவில்லை.

சீன நூல் ஏன் நுழைந்தது

இதைப் புரிந்துகொள்ளத் தறிக்கு அருகில் போக வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். ஒரு பாவில் வழக்கமாக 3 சேலை வரும். ஆயிரக்கணக்கான இழைகள் அடுத்தடுத்து இழுபட்டு நிற்கும் அந்தப் பாவில் ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் உள்ள இழை, அச்சில் உரசி அறுந்துபோகும். நெசவாளி மிதியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, விரல் நுனியில் முறுக்கி இணைத்து, விழுதிலும் அச்சிலும் மறுபடி கோத்துவிட்டுத்தான் நாடாவைத் தொட முடியும். கோர்வைச் சேலையானால் கரைக்குத் தனி நாடா வாங்கித் தருகிற துணை ஆளும் அதுவரை சும்மா இருப்பார். கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான். நின்ற நேரத்துக்கு யாரும் தருவதில்லை.

நம் நாட்டில் பல தலைமுறையாக வளர்ந்தது, ஆண்டில் பலமுறை தலைமுறை எடுக்கும் வெப்ப நாட்டுப் புழுவும் அதன் கலப்பினமும். அதன் மஞ்சள் கூட்டிலிருந்து வரும் இழை குட்டையானது, தடிமன் ஒரே சீராக இராது. ஊடைக்கு அது போதும். அந்த நூலுக்கென்று ஒரு கனமும் உண்டு. பாவுக்கோ இருசந்ததிப் புழுவின் வெண்பட்டு வேண்டும். அந்தக் கூட்டில் ஒரே இழை 1,000 மீட்டர் அளவுக்கு நீளும். சீனா குளிர்ந்த தட்பவெப்பத்தில் அதைப் பெருமளவில் விளைத்துத் தானியங்கி இயந்திரத்தில் நூற்றுத் தரம் பிரித்து அனுப்பியது. ஜப்பான் தொழில்மயமாகிப் புழு வளர்ப்பைக் கைவிட்டபோது, 1970களில் அந்த முதலிடத்தைச் சீனா பிடித்திருந்தது. நெசவாளி சீன நூலைக் கேட்டதற்கு விலை மட்டும் காரணமில்லை. அது அறுவதில்லை என்பதே அவர் வாயால் வரும் முதல் காரணம்.

வரியின் ஏற்ற இறக்கம்

1990கள் வரை கச்சாப் பட்டு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. உலக வணிக அமைப்பின் கடப்பாட்டின்படி 2001 ஏப்ரலில் இந்தியா அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவற்றையும் நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா அவ்வமைப்பில் சேர்ந்தது. 2000களின் நடுப்பகுதியில் இந்தியாவின் கச்சாப் பட்டு இறக்குமதி ஆண்டுக்கு 8,000 டன்னைத் தாண்டியது. ஏறத்தாழ முழுவதும் சீனப் பட்டு. 2001-02இல் நாட்டின் மொத்த விளைச்சலே 17,351 டன் என்பதோடு வைத்துப் பார்த்தால் அதன் எடை விளங்கும்.

ராமநகரத்தில் கூடு விலை விழுந்தது. 2003இல் 2ஏ தரத்துக்கும் அதற்குக் கீழ்ப்பட்ட தரங்களுக்கும் உரிய சீனப் பட்டின் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்தது, பின்னர் நீட்டிக்கப்பட்டது. இந்த வரிக்கு ஒரு பக்க விளைவு இருந்தது. குறிப்பு விலைக்கும் இறங்குவிலைக்கும் உள்ள வேறுபாட்டையே வரியாக வைத்ததால், சீன விலை ஏறும்போது வரி தானாகவே கரைந்துபோனது. நூலைத் தடுத்தால் துணியாக நெய்து அனுப்பலாமே என்று சீனப் பட்டுத் துணியும் வந்தது. 2006இல் அதற்கும் தனி வரி தேவைப்பட்டது.

2006இல் சீன அரசு புழு வளர்ப்பைக் கிழக்கிலிருந்து மேற்கு மாகாணங்களுக்கு நகர்த்தும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. செஜியாங்கிலும் ஜியாங்சுவிலும் தொழிற்சாலைக் கூலி ஏறியதால் மல்பெரி வயல்கள் சுருங்கின. குவாங்சி முதலிடத்துக்கு வந்தது. இடையில் நூல் விலை ஏறியது. 2011 நிதிநிலை அறிக்கையில் இந்திய அரசு அடிப்படைச் சுங்க வரியை 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக ஒரே வெட்டில் குறைத்தது. நெசவு மையங்கள் வரவேற்றன. கர்நாடக விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2013இல் வரி 15 ஆனது, பிறகு 10 ஆனது, 2021 பிப்ரவரியில் மறுபடி 15 ஆனது.

இந்தக் கடைசி மாற்றத்தின் பின்னணி தனியாகச் சொல்லத்தக்கது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். பல்லவக் காஞ்சியின் கடல்வாயில் அது. கோயம்புத்தூர் மாவட்டம் சிறுமுகையில் நெய்யப்பட்ட, அதிபரின் உருவம் பொறித்த பட்டுச் சால்வை பரிசாகத் தரப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் ஃபூஜியன் மாகாணத்துக்கும் உறவு ஏற்படுத்தும் எண்ணமும் வெளியிடப்பட்டது. எட்டு மாதங்களில் இந்திய, சீனப் படைகளிடையே கல்வான் மோதல் நடந்தது. நடுவில் கொரோனா ஊரடங்கு. முகூர்த்தங்கள் நின்றதால் சேலை விற்பனை நின்று, கூடு விலை 2020இல் படுத்தது. 2021 இறுதியில் அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. பழைய விலைக்கு வாங்கிய நூலில் நெய்த சேலை ஒருபுறமும், புதிய விலை நூல் மறுபுறமும் வைத்துக்கொண்டு சங்கங்கள் திண்டாடின. பாவு போடாத தறிகள் தெருவுக்குத் தெரு இருந்தன.

நூலை மாற்றியது எது

வரிகளின் இந்த ஏற்ற இறக்கத்தைவிட நீடித்த மாற்றத்தைத் தந்தது வேறொன்று என்பது என் முடிவு. 1991இல் ஜப்பானிய உதவியோடு தொடங்கிய இருசந்ததித் திட்டமும், மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சி.எஸ்.ஆர். கலப்பினங்களும் வெண்பட்டை வெப்ப நாட்டில் வளர்க்க வழி செய்தன. புழுவின் முதல் பருவங்களை இளம்புழு வளர்ப்பு மையங்களில் பாதுகாத்து வளர்த்துப் பிறகு விவசாயியிடம் தரும் முறையும், மல்பெரிக் கிளையை அப்படியே வெட்டிப் போடும் முறையும், தனிப் புழு மனையும் சேர்ந்தபோது நோய் குறைந்தது. இதில் தமிழ்நாடு முன்னணிக்கு வந்தது. 2022-23இல் நாட்டின் கச்சாப் பட்டு விளைச்சல் 36,582 டன். இறக்குமதி 2013-14 முதல் பெரும்பாலும் 4,000 டன்னுக்குள் அடங்கியது.

ஆனால் சார்பு முற்றிலும் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. வெண்பட்டைச் சீராக நூற்க வேண்டிய தானியங்கி இயந்திரங்களில் பெரும்பாலானவை ஹாங்சௌ நகரிலிருந்து இறக்குமதியானவை. நூலை வாங்கிய இடத்திலிருந்தே நூற்கும் கருவியை வாங்குகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீனா ஜப்பானிடம் கற்றது, நாம் இருவரிடமும் கற்கிறோம். அந்த இயந்திரத்தை இங்கேயே செய்யும் திறனை அரசு வரி விகிதத்துக்குக் கொடுத்த அதே கவனத்தோடு வளர்த்திருக்க வேண்டும்.

மறுபக்கம் சீனாவே இந்தத் தொழிலிலிருந்து விலகி வருகிறது. பெங்களூரில் தலைமையகம் கொண்ட பன்னாட்டுப் பட்டு வளர்ப்பு ஆணையத்தின் கணக்கில், 2015இல் சீன விளைச்சல் 1,70,000 டன். 2020களின் தொடக்கத்தில் அது 50,000 டன் அளவுக்கு இறங்கிவிட்டது. மலிவான சீன நூல் எப்போதும் கிடைக்கும் என்ற எண்ணத்தில் அமைந்த திட்டம் எதுவும் இனிச் செல்லாது.

செஜியாங்கில் மல்பெரி வயலைக் காலி செய்த அதே விசை தாமலுக்குக் கிழக்கேயும் வேலை செய்கிறது. 1996இல் கொரிய ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் முதல் கார் வெளிவந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் திறந்து 2014இல் மூடியது. சாம்சங், தைவானின் ஃபாக்ஸ்கான் எனப் பிற நிறுவனங்கள் தொடர்ந்தன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறுவனப் பேருந்துகளில் ஷிப்டுக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம், சேம நிதி, விடுமுறை ஆகியவற்றைத் தறிக்கூலியோடு ஒப்பிட்டுத்தான் அவர்கள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. 2005இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு சேலையின் பெயரைக் காத்தது. தறியில் அடுத்த ஆள் உட்காருவதற்கு அது வழி சொல்லவில்லை.

கூலி எங்கே

வரி ஏறியபோது நூல் விலை ஏறியது. முதலாளி சேலை விலையை ஏற்றினார் அல்லது பாவு தருவதைக் குறைத்தார். வரி இறங்கியபோது இலாபம் நூல் வியாபாரியிடமும் கடையிலும் தங்கியது. இரண்டு நிலையிலும் கூலி பேசித் தீர்க்கப்பட்டது வேறொரு காலக்கணக்கில், சங்கங்களின் ஒப்பந்தப் பேச்சில். மைய அரசின் கைத்தறி மூலப்பொருள் வழங்கும் திட்டம் உள்நாட்டுப் பட்டு நூலுக்கு 15 விழுக்காடு விலைச் சலுகை தருகிறது. சுங்க வரியும் 15 விழுக்காடு. தாளில் ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதுபோல் தோன்றும். ஆனால் சலுகைக்கு அளவு வரம்பு உண்டு. அது நூலைத் தானே வாங்குபவருக்கும் சங்கத்துக்கும் உரியது. காஞ்சியில் கூலிக்கு நெய்பவர் நூல் வாங்குவதில்லை. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி தருகிறார். நெய்து முடித்ததும் சேலையாக எடை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். நூலுக்குத் தரும் சலுகையில் ஒரு பகுதியேனும் நெய்த சேலையின் கூலியோடு கட்டப்பட்டால்தான், தாமல் வழியே வரும் நூலானாலும் துறைமுகம் வழியே வரும் நூலானாலும், அதன் விலை மாற்றத்தில் நெசவாளிக்கு ஒரு கணக்கு இருக்கும்.