பெயர் அச்சேறாத கதாசிரியர்

1984ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ் இதழ்களைப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்த தலைமுறை நம்முடையது. அவற்றில் நம்மைப் பெரிதும் ஆட்கொண்டவன் ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்தி மனிதன் அல்லன் இவன். கூரிய காதுகளும் வலைத் துப்பாக்கியும் கொண்ட ஆங்கில நாட்டு ஸ்பைடர். குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக விரும்பிக் கிளம்பியவன், பின்னர் குற்றவாளிகளுக்கே பகைவனாக மாறியவன். இக்கதைகளை யார் எழுதினார் என்று அன்று நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் விடை கிடைத்திராது. மூலக்கதைகள் வெளியான இலண்டன் வார இதழே கதாசிரியரின் பெயரை அச்சிடவில்லை.

பல்லாண்டுகள் கழித்து அதனை அறிந்தபோது வியப்பில் ஆழ்ந்தோம். ஸ்பைடரைத் தொடக்கத்தில் எழுதியவர் டெட் கோவன். அவருக்குப் பின் பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேன் என்னும் பாத்திரத்தை உலகுக்கு அளித்த இருவருள் ஒருவர் அவர். அத்தகைய ஒருவர் கடல் கடந்த வார இதழுக்குப் பெயரின்றி எழுத நேர்ந்தது ஏன்?

சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் 1914இல் பிறந்தவர்கள். குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் பயின்று நண்பர்களானவர்கள். சீகலின் தந்தை துணிக்கடை வைத்திருந்தார். 1932இல் அக்கடையில் திருட்டு நிகழ்ந்த வேளையில் அவர் மயங்கி விழுந்து உயிர் நீத்தார். குண்டு துளைக்காத உடல் கொண்ட நாயகனை மகன் படைத்ததற்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர் சிலர் கூறுவர். அப்படி உறுதியாகச் சொல்ல நாம் துணியமாட்டோம். ஆயினும் அந்நிகழ்ச்சியை அறிந்தபின் அக்கதைகளை முன்போல் படிக்க இயலவில்லை என்பது உண்மை.

1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். இன்றைய திரைப்படங்களில் காணும் சூப்பர்மேன் அல்லன் அவன். அவனுக்குப் பறக்கத் தெரியாது; தாவத்தான் தெரியும். கோள்களைத் தள்ளும் வலிமையும் இல்லை. அவன் செய்த செயல்களைப் பாருங்கள். மரண தண்டனைக்கு அழைத்துச் செல்லப்படும் குற்றமற்ற பெண்ணைக் காக்க ஆளுநர் மாளிகையின் கதவை உடைக்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறான். மூன்றாம் இதழில், பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியையும் அவரது விருந்தினர்களையும் அதே சுரங்கத்தின் ஆழத்தில் சிக்க வைத்து, தொழிலாளர் படும் துயரை அவர்களும் அறியச் செய்கிறான். எட்டாம் இதழில் சேரிக் குடிசைகளை இடித்துத் தள்ளுகிறான். அரசு புதிய வீடுகள் கட்டித் தந்தாக வேண்டும் என்பது அவன் கணக்கு. நமக்கு அந்த முதல் ஈராண்டுச் சூப்பர்மேனே இன்றும் உகந்தவன். இருபத்து மூன்று வயது இளைஞனின் சினம் அப்பக்கங்களில் இருக்கிறது. பின்னாளில் நாயகனின் ஆற்றல் பெருகப் பெருகக் கதை மெலிந்தது என்பதே நமது கருத்து.

அந்த முதல் கதையின் பதின்மூன்று பக்கங்களுக்கு, பக்கத்துக்குப் பத்து டாலர் வீதம், இருவருக்கும் சேர்த்து 130 டாலர் கிடைத்தது. அதனோடு பாத்திரத்தின் உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டனர். 1947இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு சுமார் 94,000 டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. உரிமையும் போயிற்று, வேலையும் போயிற்று, கதைத் தலைப்பின்கீழ் இருந்த அவர்களது பெயர்களும் போயின.

1959இல் சீகல் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார், கூலிக்கு எழுதுபவராக. தாம் படைத்த பாத்திரத்துக்குத் தாமே பெயரின்றி எழுதினார். அக்காலத்தில் பிற எழுத்தாளர்களின் பெயர்களும் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிறர் எவரும் சூப்பர்மேனைப் படைத்தவர் அல்லரே!

நாம் சொல்ல விழைவது இதுதான்: அவர் எழுதியவற்றுள் மிகச் சிறந்தவை அந்தப் பெயரற்ற ஆண்டுகளில் எழுதியவை. 1960இல் வெளியான ஒரு கதையில் சூப்பர்மேன் காலத்தைக் கடந்து, தான் பிறந்த கிரிப்டான் கோளுக்கு, அது அழிவதற்கு முன்னைய நாட்களுக்குச் சென்று விடுகிறான். அங்கே அவனுக்கு ஆற்றல் ஏதும் இல்லை. தன் தாய் தந்தையரைக் காண்கிறான். தான் அவர்களுக்குப் பிறக்கப்போகும் மகன் என்பதைச் சொல்லாமல் அவர்களோடு பழகுகிறான். ஒரு பெண்ணை நேசிக்கிறான். அந்த உலகம் அழியப்போவது அவனுக்குத் தெரியும். எவரையும் காப்பாற்ற இயலவில்லை. கடைக்குள் விழுந்து கிடந்த தந்தையின் நினைவு எழுதியவரின் மனத்தில் வந்ததா, நாம் அறியோம். படிக்கும் நமக்கு வருகிறது.

1961இல் வந்த மற்றொன்று, கற்பனையாகச் சொல்லப்பட்ட சூப்பர்மேனின் மரணம். பகைவன் லூதர் திருந்தியவனாக நடித்து, புற்றுநோய்க்கு மருந்து கண்டு உலகின் நன்மதிப்பைப் பெற்று, நண்பனாகவே நெருங்கிக் கொல்கிறான். கடைசிப் பக்கத்தில் நாயகன் உயிர்த்தெழுவான் என்று காத்திருந்தோம். எழவில்லை. மக்கள் வரிசையாக வந்து அஞ்சலி செலுத்துகின்றனர். கொலைஞன் வழக்கு மன்றத்தில் பேரம் பேசுகிறான். நீதிபதிகள் பேரத்தை ஏற்க மறுக்கின்றனர். வில்லனைக் குத்தி வீழ்த்துவதையே முடிவாகக் கொண்ட ஆயிரம் கதைகளுக்கு நடுவில் இது தனித்து நிற்கிறது.

1960களின் நடுவில் உரிமை கோரி மீண்டும் முயன்றார். மீண்டும் வேலை போயிற்று. அந்த நாட்களில்தான் இலண்டனுக்கு ஸ்பைடர் கதைகளை எழுதினார். அவை சீகலின் உயர்ந்த படைப்புகள் அல்ல. அவசரமும் ஆரவாரமும் மிகுந்தவை. வாரம் ஒரு பேரழிவு, வாரம் ஒரு தப்பித்தல். சிறுவயதில் நமக்கு வேறென்ன வேண்டும்! பின்னர் அவர் கலிபோர்னியாவில் தட்டச்சு எழுத்தராகப் பணிபுரிந்தார். ஷஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டது.

1975இல் சூப்பர்மேன் திரைப்பட ஏற்பாடுகள் நடந்தபோது சீகல் தம் கதையை விரிவாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகிய ஓவியர்கள் அவர்களுக்காகப் பரிந்து பேசினர். அவ்வாண்டு டிசம்பரில் உரிமையாளரான வார்னர் நிறுவனம் இருவருக்கும் தலைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வழங்கவும் படைத்தோர் பெயரைப் பொறிக்கவும் இசைந்தது. பேட்மேன் கதைகளை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட பில் ஃபிங்கருக்கு இந்தப் பேறும் வாய்க்கவில்லை. 1939 முதல் பாப் கேன் என்ற ஒரு பெயரே நின்றது; ஃபிங்கர் 1974இல் மறைந்தார்; 2015இல்தான் அவர் பெயரும் உடன் சேர்க்கப்பட்டது.

ஷஸ்டர் 1992லும் சீகல் 1996லும் காலமாயினர். அந்த 130 டாலரும் அடங்கிய 1938ஆம் ஆண்டுக் காசோலை 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்கு விலை போயிற்று. அதில் இருவர் பெயர்களையும் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தனர். ஆகவே பின்புறத்தில் அவ்விரு இளைஞரும் பிழையான பெயரில் ஒரு முறையும் தம் சொந்தப் பெயரில் ஒரு முறையும் கையொப்பமிட்டுப் பணத்தைப் பெற்றிருக்கின்றனர்.