புகாருக்கென்று ஒரு தனிப் பாதை

சி மொழியில் எழுதும் புரோகிராமுக்குப் பேச இரண்டு வாய்கள். விடை ஒன்றில் வரும்; 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்பது போன்ற புகார் மற்றொன்றில். இந்த இரண்டாவது வாய் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகம், 1970கள். யூனிக்ஸை உருவாக்கியவர்களிடம் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. எழுத்துகள் புகைப்படத் தாளில் பதியும். அந்தத் தாளை, நாற்றமடிக்கும் இன்னொரு இயந்திரத்தில் விட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். அப்போது விடைக்கும் புகாருக்கும் ஒரே பாதை. ஒருநாள் பிற்பகல் பலருக்கும் ஒரே அனுபவம். தாளை எடுத்துப் பார்த்தால் கட்டுரையைக் காணோம். கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒற்றை வரி, அதுவும் அழகான அச்செழுத்தில்!

முணுமுணுப்பு சேரவேண்டிய காதுகளில் சேர்ந்தது. ஓரிரு நாளில் தனிப் பாதை வந்துவிட்டதாம். அங்கே பணிபுரிந்த ஸ்டீவ் ஜான்சன் சொன்ன கதை இது. பெரிய கோட்பாடெல்லாம் இல்லை, வீணான தாள்தான் காரணம். 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் அது இடம்பெற்றது.

விடையின் பாதைக்கு எண் 1, புகாரின் பாதைக்கு எண் 2. விடையைக் கோப்புக்குள் திருப்பிவிட்டாலும் புகார் திரைக்கே வந்து நிற்கும். இன்றைய லினக்ஸிலும் அதே எண்கள்தான்.