மண்ணுக்குக் காது கொடுத்தவர்கள்

பக்கத்து வீட்டுப் பேரன் போன மாதம் ஒரு மெட்டல் டிடெக்டரோடு வந்து நின்றான். புதுச்சேரியின் காலாப்பட்டுக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்த பிறகு, மணலில் விழுந்த காசும் மோதிரமும் தேட வேண்டுமாம். "தாத்தா, இதுக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம்?" என்று கேட்டான். நாற்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் நான். ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. உட்காரச் சொன்னேன்.

மண்ணிலும் உடம்பிலும் மறைந்த உலோகத்தைக் காதால் தேடும் வேலையின் கதையை ஒரு துப்பாக்கிக் குண்டிலிருந்து தொடங்கினேன். 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 வருஷம் இருந்தது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றுக்கொன்று ஈடுகட்டும்படி வைத்து ஒரு கருவி செய்தார். பக்கத்தில் உலோகம் வந்தால் அந்த ஈடு குலையும். டெலிபோன் ரிசீவரில் 'ம்ம்' என்று ரீங்காரம் கேட்கும். ஜனாதிபதியின் மேல் வைத்துப் பார்த்தபோது எங்கே வைத்தாலும் ரீங்காரம். மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள் இருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மருத்துவரோ வலப்பக்கத்தில் மட்டுமே தேட விட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி கார்ஃபீல்டு இறந்துபோனார். கருவியும் காதும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன. தேடிய இடம் தப்பு.

காதுக்குத் தகுந்த ஹெட்போன் அதற்கப்புறம்தான் வந்தது. 1910 வாக்கில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஜோடியை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. அந்த வம்சத்து ஹெட்போன்கள் என் கைக்கும் வந்திருக்கின்றன. காதுக்கு 2000 ஓம் என்று போட்டிருக்கும். எச்சில் தொட்ட செப்புக் காசு ஒன்று, இரும்பு ஆணி ஒன்று, இரண்டிலும் ஒயரைத் தொட்டு இரண்டையும் ஒட்டவைத்தால் போதும், காதில் 'டிக்' என்று விழும். பேட்டரி வேண்டாம். அவ்வளவு கூர்மை. பழைய ஹெட்போனை நான் வாங்கும் முன் செய்யும் பரீட்சை அது ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போரில் போலந்துக்காரர் யூசெஃப் கொசாட்ஸ்கி, ஸ்காட்லாந்தில் இருந்தபடி, ஒரு சிப்பாய் தனியாகத் தூக்கி நடக்கக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை உருவாக்கினார். நீளக் கழியின் முனையில் சுருள்கள், முதுகில் மின்கலம், தலையில் ஹெட்போன். 1942 அக்டோபரில் எல் அலமைன் போருக்கு அதில் 500 போயின. அதற்குமுன் பாலைவன மணலை ஈட்டி முனையால் குத்திக் குத்திப் பார்த்து நகர்ந்தவர்கள், அதன்பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் வழி திறந்தார்கள். கொசாட்ஸ்கி அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பிரிட்டிஷ் படைக்கே கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. காதில் கேட்டுத் தெரிந்துகொண்டது வேறு.

காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தமிழ்நாட்டு எல்லைக்குள் கீழ்புத்துப்பட்டு வரும். அங்கே ஈழத்து அகதிகள் முகாம். தொண்ணூறுகளில் என் கடைக்கு அதிகம் வந்த ரேடியோக்கள் அங்கிருந்துதான். இரவில் பிபிசி தமிழோசை கேட்பார்கள். சிற்றலை அலைந்து அலைந்து வரும். ஒட்டியிருக்கும் அறைகளில் குழந்தைகள் தூங்கும். அதனால் ஸ்பீக்கரை விட ஈயர்போன் ஜாக்தான் முதலில் தேயும். எத்தனை ஜாக் மாற்றியிருப்பேன்! ஊர்ப் பெயர் ஒன்று காதில் விழுந்துவிடாதா என்று அந்த இரைச்சலுக்குள் தேடியவர்கள் அவர்கள்.

அவர்களில் ஒரு பெண் ஈழப்போர் முடிந்து ஊர் திரும்பி, கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்தாள். முகமாலையில். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே வருஷக்கணக்கில் போர்முனையாக நின்ற இடம் அது. கண்ணிவெடி அகற்றும் ஹலோ டிரஸ்ட் அமைப்பு அங்கே வேலைக்கு வைத்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். புருஷனை இழந்து வீட்டைத் தாங்குபவர்களும் உண்டு. ஒருநாள் போனில் கேட்டேன், சத்தம் எப்படியம்மா இருக்கும் என்று.

"பெரிய சத்தத்துக்குப் பயமில்லை அண்ணை, அது செல் துண்டாயிருக்கும். சின்னச் சத்தம்தான் பயம்" என்றாள்.

அதன் அர்த்தம் எனக்கு உடனே புரிந்தது. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 மிதிவெடியின் உடல் பிளாஸ்டிக். உலோகம் மிகக் கொஞ்சம். புலிகளின் ஜொனி மிதிவெடி மரப்பெட்டி. காதுக்கு எட்டாத வெடிகள் கிடக்கும் இடங்களில் டிடெக்டரை வைத்துவிட்டு, மண்டியிட்டு, பாரமான வாரியால் மண்ணை நெகிழ்த்தி, இலேசான வாரியால் இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர்தான் நகரும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

பேரனுக்கு நான் சொன்னதும் அந்தச் சின்னச் சத்தத்தை வைத்துத்தான். ப்ளூடூத் வேண்டாம். டிடெக்டர் கோலை வினாடிக்கு ஒரு மீட்டர் வீசுகிறாய். சாதாரண ப்ளூடூத் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தினால் சத்தம் கேட்கும்போது கோல் 20 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். ஒயர் உள்ளதே வாங்கு. காதை முழுக்க மூடுகிற கிண்ணம் வேண்டும், இங்கே அலை ஓயாது. இரண்டு காதுக்கும் தனித்தனி வால்யூம் இருக்கட்டும். வயசானால் ஒரு காது மந்தமாகும், எனக்கு இடது. ஜாக் 6.35 மில்லிமீட்டரா, 3.5ஆ என்று கருவியைப் பார்த்துவிட்டு வாங்கு. பாட்டுக் கேட்க விற்கும், அடிநாதம் தூக்கலான ஹெட்போன் இதற்கு உதவாது. ஈர உப்பு மணலில் கருவி தானாகவே கத்தும், பெல்லுக்குக் கட்டில் கத்திய மாதிரி. உலர்ந்த மணலில் பழகிவிட்டு அலை ஓரம் போ.

கடைசியாக ஒன்று சொன்னேன். பெரிய சத்தம் மேலே கிடக்கும் சோடா மூடி. அடியாழத்திலிருந்து மெல்லிசாக வருவது பழைய பொருளாக இருக்கலாம். இந்தக் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமாபுரியோடு நடந்த வணிகத்துக்கு மண் அடுக்கு அடுக்காகக் காலம் கணித்தார். எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் காசு வெறும் காசு. பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குக் கோலைத் தூக்கிக்கொண்டு போகாதே. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் தமிழ்நாட்டு மண்ணில் ஏதாவது புதையல் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. மெல்லிசாகச் சத்தம் வந்தால் தோண்டாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து சொல், தாசில்தார் ஆபீசுக்கு நானும் கூட வருகிறேன்.